இரண்டு வினிகர் ஹில்கள்: 1798 ஐரிஷ் கிளர்ச்சியும் 1804 சிட்னி கைதிகளின் எழுச்சியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு சிட்னியில் டூங்காபி, பெண்டில் ஹில், வெண்ட்வர்த்வில் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. மளிகைக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தினமும் போய்வருகிற அந்தச் சாலைகளில்தான் 1804 மார்ச் மாதம் ஓர் இரவு, 200க்கு மேற்பட்ட கைதிகள் துப்பாக்கியும் கதிர் அரிவாளும் ஏந்தி நடந்தார்கள். ஏன் நடந்தார்கள் என்று தெரிந்துகொள்ள, ஆறு வருடம் பின்னால் போய் அயர்லாந்தைப் பார்க்க வேண்டும். இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

சுருக்கமாக, என்ன நடந்தது?

1798 மே மாதம் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக அயர்லாந்தில் பெரிய கிளர்ச்சி வெடித்தது. ஜூன் 21 அன்று வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தில் வினிகர் ஹில் என்ற குன்றில் அதன் முதுகெலும்பு முறிந்தது. பிடிபட்டவர்களில் பலரைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் காலனிக்கு அனுப்பினார்கள். அங்கே 1804 மார்ச் 4 இரவு, காசில் ஹில் அரசுப் பண்ணையிலிருந்த கைதிகள் எழுந்தார்கள். மறுநாள் நண்பகலுக்குள் அதுவும் அடக்கப்பட்டது. அந்த மோதல் நடந்த இடத்துக்கும் வினிகர் ஹில் என்றே பெயர் விழுந்தது.

இரண்டையும் தனித்தனிச் சம்பவங்களாகப் பலர் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால், 1804 மார்ச் 5தான் 1798 கிளர்ச்சியின் கடைசி நாள்.

அயர்லாந்தில் அப்படி என்ன பிரச்சினை?

நிலமும் மதமும். நாட்டில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர்கள். ஆனால் நிலத்தின் பெரும்பகுதி, ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த ஒரு சிறு கூட்டத்தின் கையில் இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கொண்டுவரப்பட்ட தண்டனைச் சட்டங்களால் கத்தோலிக்கர்கள் நிலம் வாங்க முடியாது, அரசு வேலைக்கு வர முடியாது, வாக்களிக்க முடியாது. இந்தத் தடைகள் படிப்படியாகத் தளர்ந்து 1793இல் வாக்குரிமையும் கிடைத்தது, நாடாளுமன்றத்தில் உட்காரும் உரிமை மட்டும் கிடைக்கவில்லை. தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத திருச்சபைக்கு விளைச்சலில் பங்கும் கட்ட வேண்டும். குத்தகைக்கு உருளைக்கிழங்கு போட்டுப் பிழைக்கிறவன் வீட்டு வாசலில் அந்த வரியை வசூலிக்க ஆள் வந்து நிற்பான்.

வடக்கே அல்ஸ்டரில் இருந்த பிரெஸ்பிட்டேரியன்கள் புராட்டஸ்டன்ட்கள்தான். ஆனாலும் ஆளும் திருச்சபையைச் சேராதவர்கள் என்பதால் அவர்களும் ஒரு படி கீழே வைக்கப்பட்டிருந்தார்கள். இந்த விவரம் முக்கியம், கீழே மறுபடியும் வரும்.

ஐக்கிய ஐரிஷ்காரர்கள் என்பவர்கள் யார்?

1791 அக்டோபரில் பெல்ஃபாஸ்டில் தொடங்கிய சங்கம். உல்ஃப் டோன், தாமஸ் ரஸ்ஸல், ஹென்றி ஜாய் மெக்ராக்கன் போன்றவர்கள் முன்னணியில் இருந்தார்கள். அமெரிக்கா விடுதலை அடைந்ததையும் பிரெஞ்சுப் புரட்சியையும் பார்த்து உற்சாகமானவர்கள். முதலில் கேட்டது நாடாளுமன்றச் சீர்திருத்தமும் எல்லா மதத்தாருக்கும் சம உரிமையும்தான். 1794இல் அரசு சங்கத்தை ஒடுக்கியது. அப்புறம் அது சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொள்ளும் ரகசிய இயக்கமானது, தனிக் குடியரசு என்பது இலக்கானது. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்களைப் பின்பற்றி முடியை ஒட்ட வெட்டிக்கொண்டதால், கிளர்ச்சிக்காரர்கள் எல்லாருக்குமே 'குரோப்பி' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

அப்படியானால் இது கத்தோலிக்கர்–புராட்டஸ்டன்ட் சண்டை, இல்லையா?

இல்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் நான் பொறுமையாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

உல்ஃப் டோன் புராட்டஸ்டன்ட். வெக்ஸ்ஃபோர்டில் கிளர்ச்சிப் படைக்குத் தலைமை தாங்கிய பேக்னல் ஹார்வியும் புராட்டஸ்டன்ட், அதுவும் நிலச்சுவான்தார். ஜூன் மாதம் ஆன்ட்ரிமிலும் பாலினாஹின்ச்சிலும் எழுந்து போரிட்டவர்களில் பெரும்பாலோர் பிரெஸ்பிட்டேரியன்கள். மறுபக்கம், கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட வடக்கு கார்க் மிலிஷியா என்ற அரசுத் துணைப்படையின் சிப்பாய்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். கத்தோலிக்க ஆயர்களும் கிளர்ச்சியைக் கண்டித்தார்கள்.

ஆனால் மதப் பகை இருந்தது, அதை ஊதிப் பெருக்கியவர்களும் இருந்தார்கள். 1795இல் ஆர்மா மாவட்டத்தில் புராட்டஸ்டன்ட்களின் ஆரஞ்சு சங்கம் தோன்றியபின் அங்கிருந்து கத்தோலிக்கர்கள் ஆயிரக்கணக்கில் விரட்டப்பட்டார்கள். அந்த பயம்தான் தெற்கே பரவி, வெக்ஸ்ஃபோர்டில் வதந்தியாகவும் வெறியாகவும் மாறியது.

பிரான்ஸ் உதவவில்லையா?

உதவ வந்தது, காற்று விடவில்லை. 1796 டிசம்பரில் தளபதி ஓஷ் தலைமையில் ஏறக்குறைய 14,000 பிரெஞ்சுப் படைவீரர்கள் கப்பல்களில் புறப்பட்டார்கள். உல்ஃப் டோனும் உடன் இருந்தார். தென்மேற்கே பேன்ட்ரி விரிகுடாவுக்குள் கப்பல்கள் நுழைந்தும் புயலில் யாராலும் கரை இறங்க முடியவில்லை. கரை கண்ணுக்கு எதிரே தெரிய, டோன் திரும்பிப் போக வேண்டியதாயிற்று.

இரண்டாம் முறை வந்தது காலம் கடந்த பின். 1798 ஆகஸ்ட் 22 அன்று தளபதி உம்பேர் சுமார் 1,000 பேரோடு மேயோ மாவட்டத்தில் இறங்கினார். காசில்பாரில் பிரிட்டிஷ் படை ஓடிய ஓட்டத்தை 'காசில்பார் பந்தயம்' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். செப்டம்பர் 8 அன்று பாலினாமக்கில் எல்லாம் முடிந்தது. பிரெஞ்சுக்காரர்களைப் போர்க்கைதிகளாக மரியாதையோடு நடத்தினார்கள். அவர்களோடு நின்ற ஐரிஷ்காரர்களைக் களத்திலேயே வெட்டிச் சாய்த்தார்கள்.

கிளர்ச்சி எப்படித் தொடங்கியது?

தலைமை இல்லாமல் தொடங்கியது. 1798 மார்ச் 12 அன்று டப்ளினில் ஒரு வீட்டில் கூடியிருந்த லெய்ன்ஸ்டர் மாகாணத் தலைவர்களை ஒரே வளைப்பில் பிடித்துவிட்டார்கள். மே 19 அன்று சங்கத்தின் முக்கியத் தலைவர் லார்டு எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு பிடிபட்டார். பிடிக்கும்போது பட்ட காயத்தால் ஜூன் 4 அன்று சிறையில் இறந்தார். எல்லாம் காட்டிக்கொடுத்தவர்கள் உபயம்.

ராணுவச் சட்டம் ஏற்கனவே நடப்பில் இருந்தது. ஆயுதத்தைக் கண்டுபிடிக்கிறோம் என்று சிப்பாய்கள் கிராமம் கிராமமாகப் போய் வீடுகளைக் கொளுத்தினார்கள், முக்கோண மரச்சட்டகத்தில் கட்டிவைத்துச் சவுக்கால் அடித்தார்கள். 'தார்த் தொப்பி' என்றொரு சித்திரவதை இருந்தது. கொதிக்கும் தாரைத் தொப்பி போன்ற ஒன்றில் ஊற்றித் தலையில் கவிழ்ப்பார்கள். ஆறி இறுகியதும் பிடுங்குவார்கள், முடியும் தோலும் சேர்ந்து வரும். கொல்லனைத்தான் முதலில் தேடுவார்கள், ஏனென்றால் ஈட்டி முனை அடிப்பவன் அவன்.

மே 23 இரவு டப்ளினிலிருந்து கிளம்பும் தபால் வண்டிகளை மறிப்பதுதான் எழுச்சிக்கான அடையாளம். தலைநகரில் திட்டம் குலைந்தது, சுற்றுப்புற மாவட்டங்களில் மட்டும் தீப்பிடித்தது.

வெக்ஸ்ஃபோர்டில் நடந்தது வேறு கதை. பூலவோக் ஊர்ப் பாதிரியார் ஜான் மர்ஃபி, ஆயுதங்களை ஒப்படைத்துவிடுங்கள் என்றுதான் முதலில் தன் மக்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வீடுகள் எரிவதைக் கண்ணால் பார்த்த பிறகு மே 26 அன்று அவரே முன்னால் நின்றார். மறுநாள் ஊலார்ட் குன்றில் வடக்கு கார்க் மிலிஷியாவின் ஒரு பிரிவு ஏறக்குறைய மொத்தமாக அழிந்தது. மே 28 அன்று என்னிஸ்கார்த்தி ஊரின் வாயிலில் மாட்டு மந்தையைக் கிளப்பி விரட்டிவிட்டு, அது கிழித்த வழியில் கிளர்ச்சிக்காரர்கள் உள்ளே புகுந்தார்கள். இரண்டு நாளில் வெக்ஸ்ஃபோர்டு நகரமும் அவர்கள் கைக்கு வந்தது.

அவர்களிடம் இருந்த ஆயுதம் பெரும்பாலும் நீண்ட ஈட்டி. ஆஷ் மரக் கம்பில் இரும்பு முனை. சிலவற்றில் பக்கவாட்டில் ஒரு கொக்கி, குதிரைக்காரனின் கடிவாளத்தை அறுப்பதற்கு. நெருக்கமாக நின்று நீட்டினால் குதிரைப் படை கிட்டே வர முடியாது. பீரங்கிக்கு முன்னால் மட்டும் அது எதுவுமே செய்யாது.

வினிகர் ஹில் – பெயருக்கும் வினிகருக்கும் என்ன சம்பந்தம்?

ஒன்றும் இல்லை. 'பழக்காடு' என்று பொருள்படும் ஐரிஷ் மொழிப் பெயரை ஆங்கிலக் காதுகள் 'வினிகர்' என்று கேட்டு எழுதிக்கொண்டதுதான். என்னிஸ்கார்த்தி ஊருக்குப் பக்கத்தில், ஸ்லேனி ஆற்றங்கரையில், சுமார் 120 மீட்டர் உயரக் குன்று. உச்சியில் ஒரு பழைய காற்றாலை. அதன் அடிப்பாகம் இன்றும் நிற்கிறது.

நியூ ராஸிலும் ஆர்க்லோவிலும் தோற்ற பிறகு கிளர்ச்சிப் படை இந்தக் குன்றில் முகாமிட்டிருந்தது. பெண்களும் பிள்ளைகளும் கூடவே இருந்தார்கள், வீடு எரிந்துபோனவர்கள் வேறு எங்கே போவார்கள்? ஜூன் 21 விடிகாலையில் தளபதி ஜெரார்ட் லேக் நான்கு பக்கத்திலிருந்தும் படைகளை நகர்த்திப் பீரங்கியால் குன்றைத் துளைத்தார். தரையில் விழுந்த பிறகு வெடிக்கும் குண்டுகளை அவர்களில் பலர் அதற்குமுன் பார்த்ததே இல்லை. ஒரு தளபதி, நீடம் என்பவர், தன் படையோடு வந்து சேரத் தாமதமானதால் வளையத்தில் ஓர் ஓட்டை விழுந்தது. 'நீடம் இடைவெளி' என்று பெயர் பெற்ற அந்த வழியாகத்தான் ஆயிரக்கணக்கானோர் உயிர் தப்பினார்கள். பின்னால் வந்த குதிரைப் படையிடம் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தப்பும் வழி இல்லை.

பாதிரியார் மர்ஃபியை ஜூலை 2 அன்று டல்லோ ஊர்ச் சந்தைத் திடலில் தூக்கிலிட்டு, உடலைத் தார்ப் பீப்பாயில் போட்டு எரித்தார்கள்.

கிளர்ச்சிக்காரர்கள் வழிச்சோறாகச் சட்டைப் பையில் பார்லி மணிகளை வைத்திருந்தார்கள் என்றும், மறுவருடம் அவர்களைப் புதைத்த குழிகள் மேல் பார்லி முளைத்திருந்தது என்றும் ஊரில் சொல்வார்கள்.

கிளர்ச்சிக்காரர்கள் பக்கத்தில் கொடுமைகள் நடக்கவில்லையா?

நடந்தன. மறைப்பதற்கு இல்லை. ஜூன் 5 அன்று நியூ ராஸ் தோல்விச் செய்தி வந்தபோது, ஸ்கல்லபோக் என்ற இடத்தில் ஒரு களஞ்சியத்தில் அடைத்து வைத்திருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களைத் தீவைத்துக் கொன்றார்கள். பெரும்பாலோர் புராட்டஸ்டன்ட்கள், சில கத்தோலிக்கர்களும் இருந்தார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட. ஜூன் 20 அன்று வெக்ஸ்ஃபோர்டு பாலத்தில் கைதிகளை ஈட்டியால் குத்தி ஆற்றில் தள்ளினார்கள். கிளர்ச்சியின் நோக்கத்தை மதிக்கிறவர்களுக்கு இது வலிக்க வேண்டும், எனக்கு வலிக்கிறது.

இரு தரப்பிலும் சேர்த்து 10,000 முதல் 30,000 பேர்வரை இறந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அதில் மிகப் பெரும்பங்கு கிளர்ச்சிக்காரர்களும் அவர்களோடு இருந்த ஏழை மக்களும்.

ஆஸ்திரேலியாவுக்கு எப்படி வந்தார்கள்?

கார்க் துறைமுகத்திலிருந்து, கப்பல் அடித்தட்டில், மாதக்கணக்கில். 1800 ஜனவரியில் மினர்வா, பிப்ரவரியில் ஃப்ரெண்ட்ஷிப், 1801 பிப்ரவரியில் ஆன், 1802இல் ஹெர்குலிஸ், அட்லஸ் என்று வரிசையாகக் கப்பல்கள் வந்தன. கிளர்ச்சியில் கலந்தவர்கள், கலந்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள், சாதாரணத் திருட்டுக் குற்றவாளிகள் எல்லாரும் கலந்தே வந்தார்கள். ஜேம்ஸ் ஹாரல்டு, ஜேம்ஸ் டிக்சன், பீட்டர் ஓ'நீல் என்று மூன்று பாதிரியார்களும் வந்தார்கள்.

பலருக்கு எத்தனை வருடத் தண்டனை என்று சொல்லும் காகிதமே கப்பலோடு வரவில்லை. கவர்னர் ஹண்டரே இதைப் பற்றி லண்டனுக்குப் புகார் எழுதியிருக்கிறார். தன் தண்டனை எந்த வருடம் முடிகிறது என்று தெரியாத மனிதன் எதை எண்ணி நாளைக் கடத்துவான்?

தப்பிக்க முயன்றதே இல்லையா?

முயன்றார்கள். 1798க்கு முன்னாலேயே 1791 நவம்பரில் 20 ஆண்களும் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும், எல்லாரும் ஐரிஷ்காரர்கள், சிட்னிக்கு மேற்கே உள்ள பரமட்டாவிலிருந்து வடக்கே நடக்கத் தொடங்கினார்கள். சீனா அந்தப் பக்கம்தான், நடுவில் ஓர் ஆறு மட்டும் இருக்கிறது என்று நம்பினார்கள். பசியிலும் காட்டிலும் சிக்கி, மீட்கப்பட்டவர்களிடம் கேட்டபோதுதான் இந்த விஷயமே வெளியே வந்தது. அதிகாரிகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரைபடம் பார்த்தே இராதவர்களைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து இறக்கினால், வீடு எந்தத் திசையில் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

1804க்கு முன் காலனியில் சதி ஏதும் நடந்ததா?

1800இல் ஒரு சதி நடக்கிறது என்ற பேச்சு எழுந்தது. ஒளித்து வைத்திருப்பதாகச் சொல்லப்பட்ட ஈட்டிகளைப் பற்றித் துப்புக் கிடைப்பதற்காகவே சிலரைச் சவுக்கால் அடித்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஆங்கிலிக்கன் பாதிரியாரும் மாஜிஸ்திரேட்டுமான சாமுவேல் மார்ஸ்டன்.

டூங்காபியில் நடந்த அந்த அடியை வலுக்கட்டாயமாகப் பார்க்க வைக்கப்பட்டவர் ஜோசஃப் ஹோல்ட். விக்லோ மலைகளில் கிளர்ச்சிப் படையின் தளபதியாக இருந்து சரணடைந்து மினர்வாவில் வந்தவர். அவர் எழுதி வைத்திருப்பது இது: மாரிஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு என்பவரை மரத்தைக் கட்டிப்பிடித்தபடி நிற்க வைத்துக் கட்டினார்கள். அடிப்பவர் இருவர், ஒருவர் வலதுகைக்காரர், மற்றவர் இடதுகைக்காரர். களத்தில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றிக் கதிரடிப்பது போல் அடி ஒழுங்காக விழுந்தது. காற்று வீசிய பக்கம் நின்றிருந்த ஹோல்டின் முகத்தில் ரத்தமும் சதையும் தெறித்தன. 300 அடி முடிந்தது. தூக்கிவிட வந்த காவலர்களை உதறிவிட்டு, ஃபிட்ஸ்ஜெரால்டு தானே ஏறி வண்டியில் உட்கார்ந்தார்.

அடுத்து பேடி கால்வின் என்ற இளைஞன். முதுகில் நூறு, கீழே நூறு, பிறகு கெண்டைக்காலில். ஈட்டி எங்கே என்று நடுநடுவே கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவன் வாயிலிருந்து ஒரு பெயர்கூட வரவில்லை.

காசில் ஹில் எழுச்சிக்குக் காரணம் கேட்பவர்களுக்கு நான் இந்தக் காட்சியைத்தான் சொல்வேன்.

பிலிப் கன்னிங்ஹாம் யார்?

1804 எழுச்சியின் தலைவர். கெர்ரி மாவட்டத்துக்காரர், டிப்பெரரியில் குளோன்மெல் ஊரில் வாழ்ந்தவர். கல்தச்சர். 1799இல் பிடிபட்டு ஆன் கப்பலில் அனுப்பப்பட்டார். அந்தக் கப்பலிலேயே நடுக்கடலில் ஒரு கலகம் நடந்து அடக்கப்பட்டது. காசில் ஹில் அரசுப் பண்ணையில் கல்வேலை செய்பவர்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தார். அதாவது, அதிகாரிகள் நம்பிப் பொறுப்புக் கொடுத்த ஆள். கொஞ்சம் ஒதுங்கி வாழ்ந்திருந்தால் நிலமும் வீடுமாக முதுமை வரை இருந்திருக்கலாம்.

மார்ச் 4 இரவு என்ன நடந்தது?

ஞாயிற்றுக்கிழமை. இரவு எட்டு மணி வாக்கில் ஒரு குடிசை தீப்பற்றியது, அதுதான் அடையாளம். பண்ணையின் சவுக்கடிக்காரன் ராபர்ட் டுகனைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப்போட்டு அடித்தார்கள். பிறகு சுற்றுப்புறப் பண்ணை வீடுகளில் துப்பாக்கி, வாள், கதிர் அரிவாள் என்று கிடைத்ததைச் சேர்த்துக்கொண்டு கிளம்பினார்கள்.

திட்டம் சின்னதல்ல. ஹாக்ஸ்பரி ஆற்றங்கரைப் பண்ணைகளில் இருக்கும் நூற்றுக்கணக்கான கைதிகளைச் சேர்ப்பது, பரமட்டாவைப் பிடிப்பது, அங்கிருந்து சிட்னி, அப்புறம் துறைமுகத்தில் நிற்கும் கப்பல். கப்பல் கிடைத்தால் ஊர்.

பரமட்டாவில் பீதி பரவியது. மார்ஸ்டன் படகில் ஏறிச் சிட்னிக்குத் தப்பினார், பெரிய பண்ணைக் குடும்பத்துப் பெண்களையும் கூட்டிக்கொண்டு. கன்னிங்ஹாமின் ஆட்கள் டூங்காபி பக்கத்து மேட்டில் – இன்றைய கான்ஸ்டிட்யூஷன் ஹில் – அணிவகுத்துப் பயிற்சி செய்தபடி பரமட்டாவிலிருந்து வர வேண்டிய அடையாளத்துக்காகக் காத்திருந்தார்கள். அது வரவே இல்லை. ஹாக்ஸ்பரிக்குச் செய்தி கொண்டுபோக வேண்டிய ஆளும் போய்ச் சேர்க்கவில்லை. அங்கே தயாராக இருந்தவர்களுக்கு இன்று இரவுதான் என்பதே தெரியாமல் போயிற்று. டப்ளினில் 1798இல் நடந்தது போலவே. சரி, நாமே ஹாக்ஸ்பரிக்குப் போவோம் என்று திரும்பி நடந்தார்கள்.

இதற்கிடையே நள்ளிரவுக்கு முன்பே சிட்னிக்குச் செய்தி எட்டிவிட்டது. கவர்னர் கிங் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். மேஜர் ஜார்ஜ் ஜான்ஸ்டன் நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவின் சிறு அணியோடு இரவோடிரவாக நடந்து விடியும்போது பரமட்டாவை அடைந்து, ஆயுதம் தாங்கிய குடியேறிகளையும் சேர்த்துக்கொண்டு துரத்தினார்.

மறுநாள் நடந்தது போரா?

போர் என்பதைவிட ஏமாற்று என்பேன். மார்ச் 5 முற்பகலில் ரௌஸ் ஹில் பக்கம் மேஜர் ஜான்ஸ்டன் கைதிகளை எட்டியபோது அவருடைய படை பின்னால் வந்துகொண்டிருந்தது. நேரம் கடத்த வேண்டும். முதலில் பாதிரியார் டிக்சனை அனுப்பிச் சரணடையச் சொல்ல வைத்தார். பிறகு தானும் தாமஸ் ஆன்லெசார்க் என்ற குதிரைவீரனுமாக முன்னே போய், தலைவர்களோடு பேச வேண்டும் என்றார். கன்னிங்ஹாமும் வில்லியம் ஜான்ஸ்டன் என்ற இன்னொரு தலைவரும் நம்பி முன்னால் வந்தார்கள். என்ன வேண்டும் என்ற கேள்விக்குக் கன்னிங்ஹாம் சொன்ன பதில்: "மரணம் அல்லது விடுதலை". ஊருக்குப் போக ஒரு கப்பலும் கேட்டார் என்பார்கள்.

படை வந்து சேர்ந்ததும் மேஜர் துப்பாக்கியை எடுத்து எதிரே நின்றவரின் தலையில் வைத்தார். ஆன்லெசார்க் மற்றவரைப் பிடித்தான். இதை வேறு யாரும் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, மேஜரே தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். தலைவர்களை இழுத்துச் சென்றதும் துப்பாக்கிகள் வெடித்தன. கைதிகள் கொஞ்ச நேரம் திருப்பிச் சுட்டுவிட்டுச் சிதறினார்கள். குறைந்தது 15 பேர் அங்கேயே விழுந்தார்கள்.

இந்தச் சம்பவத்தை வரைந்த ஒரு நீர்வண்ண ஓவியம் உண்டு, வரைந்தவர் பெயர் தெரியாது. ஒரே படத்தில் பல காட்சிகள், ஒவ்வொரு ஆள் வாய்க்குப் பக்கத்திலும் அவர் பேசும் வார்த்தை. கன்னிங்ஹாம் மரணம் அல்லது விடுதலை என்கிறார். மேஜர், "அயோக்கியா, உனக்கு நான் விடுதலை தருகிறேன்" என்கிறார். இன்னொரு மூலையில் தூக்குமரமும் தயாராக நிற்கிறது. வரைந்தவர் அரசாங்கப் பக்கம்தான், ஆனாலும் அந்த இரண்டு வார்த்தைகளை அவரால் விட்டுவிட முடியவில்லை.

தண்டனை?

குவார்ட்டர்மாஸ்டர் லேகாக்கின் வாள்வெட்டில் விழுந்த கன்னிங்ஹாமை விசாரணையே இல்லாமல், இன்றைய வின்ட்சர் ஊரில் அரசுக் களஞ்சியத்தின் படிக்கட்டில் தூக்கிலிட்டார்கள். அவரோடு சேர்த்து மொத்தம் 9 பேருக்குத் தூக்கு. வில்லியம் ஜான்ஸ்டன், சாமுவேல் ஹியூம்ஸ் இருவரின் உடல்களையும் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டார்கள். சிலருக்கு 200, 500 கசையடிகள். இன்னும் பலரை வடக்கே நிலக்கரி வெட்ட அனுப்பினார்கள். அந்த மாதக் கடைசியில் அவர்களை வைத்துத் தொடங்கிய குடியிருப்புதான் இன்றைய நியூகாசில் நகரம்.

எல்லாரும் ஐரிஷ்காரர்களா? அரசியல் எழுச்சியா, வெறும் சிறைக் கலகமா?

பெரும்பாலோர் ஐரிஷ்காரர்கள், ஆங்கிலேயரும் இருந்தார்கள், தூக்கில் தொங்கியவர்களிலும் இருந்தார்கள். சவுக்கு அவர்களுக்கும் பொதுதானே. ஆனால் தலைமை, சத்தியப் பிரமாணம், இரவு அடையாளம், ஈட்டி, முழக்கம் எல்லாமே ஐக்கிய ஐரிஷ்காரர்களின் வழிமுறை. அதிகாரிகளின் கடிதங்கள் இவர்களை ஏமாந்துபோன குற்றவாளிகள் என்கின்றன. கொள்ளை அடிப்பதுதான் நோக்கம் என்றால் அந்த இரவில் அதற்குத் தடை ஏதும் இருக்கவில்லை. அவர்கள் செய்தது வரிசையில் நின்று பயிற்சி எடுத்தது.

பாதிரியார் டிக்சனும் ஹோல்டும் என்ன ஆனார்கள்?

1803 மே 15 அன்று சிட்னியில் அரசு அனுமதியோடு முதல் கத்தோலிக்கத் திருப்பலியை நிறைவேற்றியவர் டிக்சன். எழுச்சிக்குப் பிறகு அந்த அனுமதி பறிக்கப்பட்டது. சுட்ட துப்பாக்கிக்கும் பூசைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. ஹோல்ட் எழுச்சியில் சேரவில்லை, இருந்தும் அவரை நார்ஃபோக் தீவுக்கு அனுப்பினார்கள். 1812இல் ஊர் திரும்பக் கப்பலேறி, வழியில் ஃபாக்லாண்ட் தீவில் கப்பல் உடைந்து, ஒருவழியாக 1814இல் அயர்லாந்து போய்ச் சேர்ந்தார்.

மேஜர் ஜான்ஸ்டன்?

நான்கு வருடம் கழித்து, 1808 ஜனவரி 26 அன்று, அவரே படையோடு போய்க் கவர்னர் பிளையைக் கைது செய்து ஆட்சியைப் பிடித்தார். 1811இல் லண்டனில் நடந்த ராணுவ விசாரணையில் அவருக்குக் கிடைத்த தண்டனை பதவி நீக்கம். அவ்வளவுதான். பண்ணைக்குத் திரும்பி நிம்மதியாக வாழ்ந்தார். கன்னிங்ஹாமுக்குப் படிக்கட்டு.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

ஆட்கள் வழியாக உண்டு. 1798 ஜூனில் அயர்லாந்தின் ஆட்சியாளராகவும் படைத்தலைவராகவும் வந்திறங்கியவர் லார்டு கார்ன்வாலிஸ். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானைப் பணியவைத்துத் திண்டுக்கல்லையும் சேலம் பகுதியையும் கம்பெனிக்கு எழுதி வாங்கினாரே, அவரேதான். சாதாரணக் கிளர்ச்சிக்காரர்களுக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்தவரும் அவர், தன் பக்கத்துப் படைகளின் கொடுமையைக் கடிதங்களில் கண்டித்தவரும் அவர். வினிகர் ஹில்லைத் தகர்த்த லேக் பிறகு இந்தியாவுக்குத் தலைமைத் தளபதியாக வந்து 1803இல் மராத்தியரிடமிருந்து டெல்லியைப் பிடித்தார்.

விக்லோ மலையில் ஐந்து வருடம் பிடிபடாமல் இருந்த கிளர்ச்சித் தலைவர் மைக்கேல் டுவையர் 1806 பிப்ரவரியில் சிட்னி வந்த கப்பலின் பெயர் டெலிச்சேரி, அதாவது நம் பக்கத்துத் தலச்சேரி. அவருக்குக் கப்ரமட்டாவில் 100 ஏக்கர் நிலம் கிடைத்தது.

பிறகு அயர்லாந்தில் கிளர்ச்சி நின்றதா?

இல்லை. 1801இல் அயர்லாந்தின் நாடாளுமன்றத்தையே கலைத்துப் பிரிட்டனோடு இணைத்தார்கள். 1803 ஜூலையில் ராபர்ட் எம்மெட் டப்ளினில் எழுந்து தூக்கில் முடிந்தார். 1848, 1867, பிறகு 1916 ஈஸ்டர் எழுச்சி, அதைத் தொடர்ந்து 1919 முதல் 1921 வரை விடுதலைப் போர். ஆஸ்திரேலியாவில், 1854 டிசம்பரில் பல்லாரட் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் யுரேகா அரண் கட்டி அரசை எதிர்த்தபோது தலைவர் பீட்டர் லேலர் ஓர் ஐரிஷ்காரர். அன்றைய இரவின் அடையாளச் சொல் 'வினிகர் ஹில்'.

போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

காசில் ஹில்லில் பழைய அரசுப் பண்ணை நிலத்தின் ஒரு பகுதி பாரம்பரியப் பூங்காவாக இருக்கிறது. ரௌஸ் ஹில்லில் வின்ட்சர் சாலையோரம் உள்ள காசில்புரூக் கல்லறைத் தோட்டத்தில் 1988இல் எழுப்பிய நினைவுச்சின்னம் உண்டு. மோதல் சரியாக எந்த மேட்டில் நடந்தது என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. டுவையரும் அவர் மனைவி மேரியும் வேவர்லி கல்லறையில், கடலைப் பார்த்தபடி, 1798 நினைவுச்சின்னத்துக்கு அடியில் இருக்கிறார்கள். நேரம் குறைவு என்றால் ரௌஸ் ஹில் மட்டும் போங்கள். பரமட்டாவிலிருந்து காரில் கொஞ்ச நேரம்தான், கன்னிங்ஹாமின் ஆட்கள் இரவு முழுக்க நடந்த தூரம்.